சேர், சேமி, திரட்டு, தொகு, குவி: எது எங்க வரும்?

கேள்வி இதுதான்: சேர், சேமி, சேகரி, திரட்டு, தொகு, குவி, ஈட்டு, பதுக்குன்னு தமிழ்ல இத்தனை சொல்லு இருக்கு, அகராதியில பாத்தா எல்லாமே சுத்திச் சுத்தி "ஒன்றுசேர்த்தல்"லதான் வந்து நிக்குது, அப்போ ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டுக்கலாமா? கூடவே ஒரு சந்தேகம், பல வருஷமா எழுதி வச்சிருக்கிற பழமொழிகளைப் புத்தகமா போடப் போறேன், அதுக்குத் தொகுப்புன்னு பேர் வைக்கிறதா, திரட்டுன்னு வைக்கிறதா, சேகரிப்புன்னு வைக்கிறதா?

மாத்திப் போட முடியாதுங்க. ஒரே ஒரு ஆளையும் ஒரே ஒரு பணத்தையும் எடுத்துக்கங்க. "பணத்தைச் சேத்தான்"னா கொஞ்சம் கொஞ்சமா வச்சிருக்கான், நல்ல பேச்சுதான். "ஈட்டினான்"னா உழைச்சிருக்கான். "திரட்டினான்"னா நாலு பேர்கிட்ட போய்க் கேட்டு ஒரு காரியத்துக்காக ஒண்ணாக்கியிருக்கான். "குவிச்சான்"னு சொல்லும்போதே இவ்வளவு எப்படி வந்துச்சுன்னு ஒரு கேள்வி கூடவே வந்துடுது. "பதுக்கினான்"னா அடுத்தவன் கண்ணுல படாம வச்சிருக்கான், அதுல சந்தேகமே இல்ல. பணம் அதே பணம், ஆளும் அதே ஆள், வினைச்சொல்லை மட்டும் மாத்துனதுல அவன் நல்லவனாவும் ஆகுறான் குற்றவாளியாவும் ஆகுறான். அதனால இந்தச் சொற்களைப் பிரிச்சுப் பாக்குறப்போ நான் எப்பவும் மூணு விஷயம் பாப்பேன், சேருறதுக்கு முன்னாடி அந்தப் பொருள் எப்படிக் கிடந்துச்சு, சேந்ததுக்கு அப்புறம் அதுக்கு என்ன ஆச்சு, அப்புறம் தானா சேந்துச்சா இல்ல யாராச்சும் சேத்தாங்களா.

சேர்ங்கிறதுதான் எல்லாத்துக்கும் பொதுவான சொல்லு, எங்க போட்டாலும் பெருசா தப்பாகாது, ஆள் சேரும் பணம் சேரும் அழுக்கு சேரும் புண்ணியமும் சேரும். அதுல ரொம்ப நேரம் நிக்க வேண்டாம்.

சேமிக்கு வருவோம், இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. சேமின்னா நிறைய சேக்குறதுன்னு நினைக்கிறோம், ஆனா அந்தச் சொல்லோட உயிர் சேக்குறதுல இல்ல, பத்திரமா வைக்கிறதுல இருக்கு. சேமம்ன்னா பாதுகாப்பு, நலம். புறநானூறு 102-ஆம் பாட்டுல ஔவையார் ஒரு வண்டியைக் காட்டுறாங்க, உப்பு விக்கிற உமணர் வண்டி, மாடு இளசு, நுகம் பழக்கமில்ல, வண்டியில சுமையோ அதிகம், போற வழியில பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும்னு அந்த உமணர் வண்டிக்கு அடியில இன்னொரு அச்சைக் கட்டி வச்சிருப்பாங்களாம், அதுக்குப் பேரு "சேம அச்சு". இன்னைக்கு நாம ஸ்டெப்னி டயர்னு சொல்றோமே அதே வேலைதான். பொகுட்டெழினிங்கிற தலைவனை அந்த அச்சு மாதிரின்னு பாடுறாங்க. கவனிச்சீங்கன்னா அங்க குவியல் எதுவும் இல்ல, ஒரே ஒரு அச்சுதான், ஆனா அது சேமம், ஏன்னா ஆபத்துக்குன்னு எடுத்து வச்சது. அதனாலதான் கம்ப்யூட்டர்லயும் போன்லயும் ஒரு ஃபைலை "சேமி"ன்னு சொல்றது அவ்வளவு கச்சிதமா பொருந்துது, அங்க நாம எதையும் கூட்டி அள்ளல, இருக்குறது அழிஞ்சுடாம வைக்கிறோம். இலங்கையில வருங்கால வைப்பு நிதியை, அதாவது பி.எஃப் பணத்தை, "ஊழியர் சேமலாப நிதியம்"னு சொல்றாங்க, அதுலயும் அந்தப் பழைய சேமம் அப்படியே உக்காந்திருக்கு. ஆக, கடன் சேரும், ஆனா கடனைச் சேமிக்க முடியாது, பகையைச் சம்பாதிக்கலாம், சேமிக்க முடியாது, ஏன்னா கெட்டதை யாரும் பத்திரமா வைக்க மாட்டாங்க.

சேகரி வேற. ஒரு நோக்கத்தோட தேடிப் போய் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வர்றது. தபால்தலை சேகரிக்கிறாங்க, தகவல் சேகரிக்கிறாங்க, நிருபர் செய்தி சேகரிக்கப் போறார், தேர்தல் நேரத்துல வீடு வீடா போய் வாக்கு சேகரிக்கிறாங்க. எல்லாத்துலயும் அலைச்சல் இருக்கு பாருங்க. தூசியை யாரும் சேகரிக்கிறது இல்ல (ஆய்வுக்கூடத்துல சாம்பிள் எடுக்குறவரைத் தவிர). தமிழ்நாட்டுல 2003-ல கட்டடங்களுக்கு மழைநீர் அமைப்பு கட்டாயம்னு ஆனப்போதான் "மழைநீர் சேகரிப்பு"ங்கிற தொடர் சுவர் சுவரா ஏறுச்சு, அப்போலேர்ந்து அது சேகரிப்பா சேமிப்பான்னு ஒரு சண்டையும் ஓடிக்கிட்டே இருக்கு. என்னைக் கேட்டா ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டும் வேற வேற கட்டம். மாடியில விழுற தண்ணியைக் குழாய் வழியா ஒரு இடத்துக்குக் கொண்டு வர்றது சேகரிப்பு, அதைத் தொட்டியில நாளைக்குன்னு வைக்கிறது சேமிப்பு, தொட்டியில வைக்காம மண்ணுக்குள்ள இறக்கி விட்டீங்கன்னா அதுக்கு நீரியல் ஆளுங்க சொல்றது செறிவூட்டல்.

இப்போ திரட்டும் தொகுவும், உங்க புத்தகப் பேரு இங்கதான் முடிவாகும். திரட்டுங்கிறது திரள்லேர்ந்து வருது, உருள் உருட்டு, சுருள் சுருட்டு, அதே மாதிரி திரள் திரட்டு. திரளுறதுன்னா தனித்தனியா இருந்தது தன்னோட தனித்தன்மையை விட்டு ஒரே கட்டியா ஆகுறது. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சுச்சுன்னு சொல்றோமே, அங்க மோர்ல கண்ணுக்கே தெரியாம பரவிக் கிடந்தது ஒரு உருண்டையா மேல வருது. மக்கள் திரண்டாங்கன்னா சும்மா நிறைய பேர் வந்தாங்கன்னு மட்டும் இல்ல, வந்தவங்க ஒரே குரலா ஆயிட்டாங்கன்னு அர்த்தம், அதனாலதான் பஸ் ஸ்டாண்டுல கூட்டம் இருக்கும், ஆனா போராட்டத்துக்குத்தான் திரளுவாங்க. நிதி திரட்டு, ஆதரவு திரட்டு, படை திரட்டு, ஆதாரம் திரட்டு, எல்லாத்துலயும் சிதறிக் கிடந்தது ஒரு பலமா மாறுது. வசூல் பண்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, வசூல்ங்கிறது வர வேண்டிய பாக்கியை வாங்குறது, அதுக்குப் பழைய தமிழ்ல தண்டல், வரி தண்டுறதுன்னு சொல்வாங்க, இன்னைக்கும் தினமும் வட்டிக்காசு வாங்க வர்றவரைத் தண்டல்காரர்னுதான் சொல்றோம். குடுக்குறவங்க மனசு வச்சுக் குடுத்தா திரட்டு, குடுத்தே ஆகணும்னா வசூல்.

தொகு அப்படி இல்ல. தொகுக்குறதுல ஒரு அளவுகோல் இருக்கு, அதைவிட முக்கியமா விலக்கி வைக்கிறதும் இருக்கு. எட்டுத்தொகையில அகப்பாட்டுங்களை எப்படிப் பிரிச்சாங்கன்னு பாருங்க, 4 அடியிலேர்ந்து 8 அடி வரைக்கும் உள்ளது குறுந்தொகைக்கு, 9லேர்ந்து 12 நற்றிணைக்கு, 13லேர்ந்து 31 அகநானூறுக்கு. நம்ம கைக்கு வந்திருக்கிறதுல ஒண்ணு ரெண்டு பாட்டு அளவு தப்பி நிக்கும், அது வேற விஷயம், ஆனா யாரோ உக்காந்து அடி எண்ணிப் பாத்து இது இங்க, இது அங்கன்னு வச்சிருக்காங்க. தொகுத்தவர் பேரு, தொகுப்பிச்ச அரசன் பேருன்னு ரெண்டு பேரையும் தனித்தனியா குறிச்சு வைக்கிற வழக்கமும் இருந்திருக்கு, குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ, ஐங்குறுநூறைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பிச்சது சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாட்டு எழுதுனவங்களுக்குப் பக்கத்துல தொகுத்தவங்களுக்கும் இடம் குடுத்திருக்காங்கன்னா அது பெரிய வேலையா மதிக்கப்பட்டிருக்குன்னுதான் அர்த்தம், இதை நினைச்சா எனக்கு எப்பவுமே சந்தோஷமா இருக்கும்.

தொகுவுக்கு எதிர்ச்சொல் விரி, இதை மறந்துடக் கூடாது. இலக்கணத்துல நூல் செய்யுற வகை நாலு சொல்வாங்க, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. அங்க தொகுத்தல்ன்னா சுருக்கிச் சொல்றது. திருக்குறள்ல தூதுவனைப் பத்திச் சொல்றப்போ "தொகச்சொல்லி"ன்னு வருதே, அதுவும் அதேதான், வளவளன்னு இழுக்காம சுருக்கமாச் சொல்றது. பள்ளிக்கூடத்துல படிச்ச வினைத்தொகை ஞாபகம் இருக்கா, ஊறுகாய்ன்னா ஊறின காய், ஊறுற காய், ஊறப்போற காய்னு மூணு காலமும் உள்ள ஒளிஞ்சு நிக்குது, காலம் காட்டுற உறுப்பு தொக்கு நிக்குதுன்னு வாத்தியார் சொல்லியிருப்பார். ஆக தொகுன்னா சேக்குறது மட்டும் இல்ல, சுருங்குறதும் கூடவே வருது. சினிமாவுல எடிட்டிங்கைப் படத்தொகுப்புன்னு சொல்றதை நான் ரொம்ப ரசிப்பேன், எடுத்ததுல பாதிக்கு மேல வெட்டித் தள்ளுற வேலைக்கு அதைவிடச் சரியான சொல்லு கிடையாது.

புறத்திரட்டுன்னு ஒரு பழைய நூல் இருக்கு, பல நூல்கள்லேர்ந்து பாட்டு எடுத்து ஒண்ணாக்கினது, முத்தொள்ளாயிரம்னு ஒரு நூல் முழுசா கிடைக்கல, நமக்கு இன்னைக்குக் கையில இருக்குற பாட்டுங்க பெரும்பாலும் அதுல எடுத்துப் போட்டதாலதான் தப்பிச்சுச்சு. அதுல பாட்டுங்களை அதிகாரம் அதிகாரமா அடுக்கித்தான் வச்சிருக்காங்க, அதனால திரட்டுல ஒழுங்கு இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பேருல அழுத்தம் விழுறது பல இடத்துல சிதறிக் கிடந்தது ஒரு இடத்துக்கு வந்துச்சுங்கிறதுல. சரி, உங்க பழமொழிக்கு வர்றேன். கேட்டது எல்லாத்தையும் விடாம, ஒரே பழமொழி நாலு விதமா இருந்தா நாலையும் போட்டிருந்தீங்கன்னா அது திரட்டு. உழவு, உறவு, பணம்னு பிரிச்சு, ஒத்தது ரெண்டு இருந்தா ஒண்ணை விட்டு, வரிசைப்படுத்தியிருந்தீங்கன்னா தொகுப்பு. சேகரிப்புங்கிறது நீங்க அலைஞ்ச வேலைக்குப் பேரு, புத்தகத்துக்கு இல்ல, அதனால அட்டையில அதைப் போடாதீங்க, உள்ள "சேகரித்தவர்"னு உங்க பேரைப் போடுங்க, நீங்களே வரிசைப்படுத்தியும் இருந்தா "சேகரித்துத் தொகுத்தவர்"னு ரெண்டையும் போட்டுக்கலாம், ரெண்டும் ரெண்டு வேலைதானே.

குவி எனக்குப் பிடிச்ச சொல்லு, ஏன்னா அதுக்கு ஒரு உருவம் இருக்கு. தாமரை ராத்திரியில குவியுது, கையைக் குவிச்சுக் கும்பிடுறோம், உதட்டைக் குவிச்சு விசிலடிக்கிறோம், ஒளியை ஒரு புள்ளிக்குக் கொண்டு வர்ற லென்ஸ் குவிலென்ஸ், மேல உருண்டு வளைஞ்ச கூரை குவிமாடம். எல்லாத்துலயும் விளிம்பு எல்லாம் உள்ள வந்து மேல ஒரு கூர் வருது. நெல்லைக் களத்துல கொட்டுனா அடி அகலமா மேல கூரா ஒண்ணு நிக்குமே, அதான் குவியல், பேச்சுல குமிச்சு வச்சிருக்கு, குமிஞ்சு கெடக்குன்னும் சொல்வோம். கண்ணுக்குப் பெருசா தெரியுறதுதான் இதுல விஷயம், அதனாலதான் பாராட்டு குவியுது, எல்லையில படையைக் குவிக்கிறாங்க, அரசியல்வாதி மேல போடுறது சொத்துக் குவிப்பு வழக்கு. அதைச் சொத்துச் சேர்ப்பு வழக்குன்னு சொல்லிப் பாருங்க, குற்றமே காணாமப் போயிடும். வருமானத்துக்குப் பொருந்தாத அளவுக்கு உசரமா நிக்குதுங்கிற குற்றச்சாட்டே குவிங்கிற ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. இன்னொண்ணு, குப்பைங்கிற சொல்லுக்கும் பழைய நூல்கள்ல குவியல்ன்னு பொருள் உண்டு, நெற்குப்பைன்னு வந்தா யாரும் மூக்கைப் பொத்த வேண்டாம், அது நெல் குவியல்தான்.

பதுக்குல குவியலும் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், மறைக்கிறதுதான் முக்கியம். பதுங்கு பதுக்கு, புலி பதுங்குது, வியாபாரி பதுக்குறான், ஒரே வேர்தான். சங்கப் பாட்டுல பதுக்கைன்னு வரும், பாலை வழியில அம்பு பட்டு விழுந்தவங்க உடம்பு மேல கல்லைப் போட்டு மூடி வச்ச குவியல், புறநானூறு 3-ஆம் பாட்டுல "வம்பப் பதுக்கை"ன்னு இருக்கு. கல்லு கல்லாப் போட்டு ஒருத்தரை மூடுன இடத்தோட பேரும், அரிசி மூட்டையை விலை ஏறட்டும்னு கோடவுன்ல ஒளிக்கிற வேலையோட பேரும் இப்படி ஒண்ணா நிக்கிறதைப் பாத்தா மறைப்புங்கிற பொருள் அந்தச் சொல்லுல எவ்வளவு ஆழமா இறங்கியிருக்குன்னு தெரியும்.

பதுங்கு பதுக்குன்னு பாத்தோமே, இந்த மாதிரி ஜோடி தமிழ்ல வரிசையா இருக்கு, இதைப் பிடிச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். தேங்கு தேக்கு, கூடு கூட்டு, திரள் திரட்டு, ஈண்டு ஈட்டு. முதல்ல வர்றது தானா நடக்குறது, ரெண்டாவது யாரோ செய்யுறது. ஈண்டுங்கிறதை இப்போ யாரும் பேசுறது இல்ல, திருக்குறள்ல "ஈண்டிய கேள்வியவர்"னு வருது, கேட்டுக் கேட்டு அறிவு சேந்தவங்க. அதோட மறுபாதி ஈட்டு மட்டும் நம்மகிட்ட உயிரோட இருக்கு, வருவாய் ஈட்டுறது, அரசு ஊழியர் எடுக்குற ஈட்டிய விடுப்பு, அந்த லீவு சும்மா வந்தது இல்ல, வேலை பாத்துச் சேந்த லீவு. ஆனா இழப்பீடு, ஈட்டுறுதி எல்லாம் இதோட சொந்தம் இல்ல, அது ஈடுங்கிற வேற சொல்லு, பாக்க ஒரே மாதிரி இருக்கும், கலந்துடாதீங்க. சேர், குவி, தொகு மூணுக்கும் ஜோடி தனியா இல்ல, சொல்லு அதேதான், மாத்துறது இறந்தகாலத்துல, சேந்துச்சு சேத்தான், குவிஞ்சுச்சு குவிச்சான், தொக்குச்சு தொகுத்தான். தமிழ் புதுசா கத்துக்கிறவங்க "கூட்டம் குவித்தது"ன்னு எழுதுறது இதுலதான், கூட்டம் குவிந்தது, பணத்தைக் குவித்தது.

தானா சேருறதுக்குன்னே ஒரு தனிக் கும்பல் இருக்கு. ஓட வேண்டியது நின்னுட்டா தேங்குது, தண்ணி தேங்கும், கோர்ட்ல வழக்கு தேங்கும், ஆபீஸ்ல ஃபைல் தேங்கும், அந்தச் சொல்லைப் போட்டாலே எங்கேயோ அடைப்பு இருக்குன்னு சொல்லிட்டீங்க. மெல்லிசா மேல மேல வந்து உக்காந்தா படியுது, தூசி, வண்டல், புகைக்கரி. வச்ச சாமானை எடுக்காம அப்படியே விட்டு ரூம் பூரா நெரிசலா இருந்தா அடைஞ்சு கெடக்கு. வழி தெரியாம அடர்ந்தா மண்டுது, புதர் மண்டும் புகை மண்டும். உசுரோட இருக்குறது சுத்திச் சுத்தி வந்தா மொய்க்குது. உடம்புக்குள்ள சேந்தா சளி கட்டியிருக்கு, கால்ல நீர் கோத்திருக்கு, இதுல சேந்திருக்குன்னு சொன்னாலும் புரியும், ஆனா டாக்டர்கிட்ட போற பாட்டி கோத்துக்கிச்சுன்னுதான் சொல்லும், அதுதான் சரியான சொல்லு.

அந்தக் கோ தனி அழகு. ஊசியில நூலைக் கோக்குறது, பூவைக் கோக்குறது, வரிசை குலையாம ஒரு இழையில நிக்க வைக்கிறது. கோவைன்னா மாலை, அப்படி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா காதல் நிகழ்ச்சிகளை (துறைகள்னு சொல்வாங்க) வரிசையா அமைச்ச சிற்றிலக்கிய வகைக்கும் கோவைன்னுதான் பேரு. ஆபீஸ் ஃபைலுக்குக் கோப்புன்னு பேர் வந்ததும் இந்தக் கோவுலேர்ந்துதான், தாள்ல ஓட்டை போட்டு டேக் கயிறுல கோத்து வைக்கிறதைப் பாத்தவங்களுக்கு அந்தப் பேரு ஏன் அவ்வளவு பொருத்தம்னு விளக்க வேண்டியதே இல்ல. எழுதுறப்போ கோர்வைன்னு நிறைய பேர் போடுறாங்க, பேச்சுல கோர்த்துன்னு வந்து வந்து அப்படி ஆயிடுச்சு, பழைய வடிவம் கோவைதான்.

கையால செய்யுறதுக்கும் நுணுக்கமா பிரிச்சு வச்சிருக்கோம். பொறுக்குறதுல விரல் நுனி வேலை செய்யுது, ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து எடுக்குறது, அதனாலதான் பொறுக்கி எடுத்ததுன்னா தேர்ந்தெடுத்ததுன்னும் பொருள். அள்ளுறதுல ரெண்டு உள்ளங்கையும் சேந்து குழியாகுது, எண்ணிக்கை கிடையாது. வாருறதுல விரல் விரிஞ்சு இழுத்துட்டு வருது, தலை வாருறதும் அதே அசைவுதான், வாரி வழங்குனான்னா கணக்குப் பாக்காம குடுத்தான், வாரிச் சுருட்டுனான்னா எதையும் விடாம எடுத்துக்கிட்டு ஓடுனான். வீட்டைக் கூட்டுறதும் பெருக்குறதும் தரையில சிதறிக் கிடக்குற தூசியை ஒரு மூலைக்குக் கொண்டு வர்றதுதான், கணக்குப் பாடத்துலயும் அதே ரெண்டு சொல்லு கூட்டல் பெருக்கல்னு வந்து உக்காந்திருக்கு. ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்றதுலயும் அதே கூட்டுதான்.

கடைசியா தேட்டம், இது தமிழ்நாட்டுல பேச்சுல ரொம்பக் குறைஞ்சு போச்சு, இலங்கைத் தமிழ்ல நல்லா இருக்கு. தேடு, தேட்டு, தேட்டம். பொருள் தேடுறதுன்னா காணாமப் போனதைத் தேடுறது இல்ல, சம்பாதிக்கிறது. ஔவையாரோட "ஈயார் தேட்டைத் தீயார் கொள்வர்" படிச்சிருப்பீங்க, குடுக்காதவன் சேத்த சொத்தைக் கெட்டவன் தூக்கிட்டுப் போவான். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம், ஒல்லாந்தர் (டச்சுக்காரங்க) காலத்துல 1707-ல எழுத்துல வந்தது, அதுல சொத்தை மூணாப் பிரிக்கிறாங்க, முன்னோர் வழி வந்தது முதுசம், பெண்ணுக்குக் குடுத்தது சீதனம், கல்யாணத்துக்கு அப்புறம் வாழுற காலத்துல சேந்தது தேடியதேட்டம், இது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் உரியது. பேச்சு வழக்குல இருந்த ஒரு சேக்குற சொல்லு கோர்ட்ல வழக்காடுற அளவுக்கு உறுதியான சட்டச் சொல்லா நிக்குது. நீங்க பழமொழி எழுதி வச்சிருக்கிறதுல தேட்டு, தேட்டம்னு வர்றது இருந்தா அதைச் "சொத்து"ன்னு மாத்தி எழுதிடாதீங்க, சொன்னவங்க வாயில வந்த மாதிரியே விடுங்க, பக்கத்துல பொருள் மட்டும் குடுத்தாப் போதும்.